கேசட் டம்ப் சுத்தமாக வந்ததா? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழி

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில். மாடியில் நின்றால் கடல் தெரியும். புது ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடிக்கிற ஊர். இங்கே இருபத்தைந்து, முப்பது வருடம் பீரோவில் கிடந்த கேம் கேசட்டுகளை ரோம் டம்ப் எடுக்கும்போது (உள்ளே சிப்பில் இருக்கும் விளையாட்டை அப்படியே கணினிக் கோப்பாக நகலெடுப்பதுதான் டம்ப்) ஒரே மாதிரிப் பிரச்சினைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியவை, சிங்கப்பூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவினர்கள் கொண்டுவந்தவை, வெள்ளத்தில் நனைந்தவை என்று பலருடைய கேசட்டுகளை எடுத்துக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

டம்ப்பை இரண்டு முறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கேசட்டைக் கழற்றி, பின்களைத் துடைத்து, மறுபடி செருக வேண்டும். கழற்றாமல் அடுத்தடுத்துப் பத்து முறை எடுத்து, பத்தும் ஒன்றுபோல வந்தாலும் அதை நம்ப முடியாது. ஒரு பின்னில் களிம்பு பிடித்திருந்தால் அது பத்து முறையும் அதே தப்பைத்தான் சொல்லும். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கேம் பாய் விளையாட்டின் வசனங்களைத் தமிழாக்க மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஒரு குகைக்குள் நுழைந்ததும் விளையாட்டு உறைந்துபோனது. என் எழுத்துருவில் தேடினேன், நான் மாற்றிய வசனங்களில் தேடினேன். கடைசியில் பார்த்தால், எல்லா வேலைக்கும் அடியில் வைத்திருந்த டம்ப்பிலேயே பிழை. நான்கு முறை எடுத்து ஒப்பிட்டிருந்தேன், நான்கும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் ஒருமுறை கூடக் கேசட்டைக் கழற்றவில்லை.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு ரீடர் (கேசட்டைச் செருகிக் கணினியில் வாசிக்கும் கருவி), 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (இனி ஐபிஏ), காதுக் குச்சி, கேசட்டைத் திறக்க 3.8 மிமீ கேம்பிட் திருப்புளி (அட்வான்ஸ் கேசட்டுக்கு மட்டும் மூன்று முனை டிரை-விங்), ஒரு மல்டிமீட்டர். நான் கேம் பாய்க்கும் கேம் பாய் அட்வான்ஸுக்கும் (இனி அட்வான்ஸ்) ஜிபிஎக்ஸ்கார்ட் ரீடரை ஃப்ளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருளோடு பயன்படுத்துகிறேன். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், நின்டெண்டோ 64 எல்லாம் சன்னி கார்ட் ரீடரில். இன்னொன்றும் வேண்டும்: ஏற்கெனவே சரி என்று உறுதியான ஒரு கேசட். அதை நான் சாட்சி கேசட் என்று சொல்வேன். குற்றம் கேசட்டிலா, ரீடரிலா என்று சண்டை வரும்போதெல்லாம் அதுதான் தீர்ப்பு சொல்லும்.

அறிகுறி 1: ரீடர் கேசட்டைக் கண்டுகொள்ளவே இல்லை

*கணினிக்கு ரீடரே தெரியவில்லை என்றால்*

கேபிளை மாற்றுங்கள். வீட்டில் கிடக்கும் யூஎஸ்பி கேபிள்களில் பல சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும், தகவல் போகாது. கேபிள் சரி என்றால் டிரைவர். ஜிபிஎக்ஸ்கார்ட் மாதிரி ரீடர்களில் இருப்பது சிஎச்340 சிப். அதற்கான டிரைவரை நிறுவிவிட்டு ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

*ரீடர் தெரிகிறது, ஆனால் தலைப்பு காலியாக வருகிறது*

தலைப்பு என்று இங்கே சொல்வது ரோமின் தொடக்கத்தில் விளையாட்டின் பெயர் முதலான விவரம் எழுதியிருக்கும் பகுதியை. முதலில் ரீடர் எந்த வகைக் கேசட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கேம் பாய், கேம் பாய் கலர் கேசட்டுகளுக்கு 5 வோல்ட். அட்வான்ஸ் கேசட்டுக்கு 3.3 வோல்ட். அட்வான்ஸ் கேசட்டை 5 வோல்ட்டில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப் கெட்டுப்போகலாம்.

அது சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது அழுக்குதான். இந்தக் கரையோரத்தில் பத்தில் எட்டுக் கேசட் இந்தப் படியிலேயே சரியாகிவிடும். பின்களின் மேல் இருப்பது மெல்லிய தங்க முலாம், அடியில் செம்பு. முலாம் தேய்ந்த இடத்தில் உப்புக் காற்று பட்டால் பச்சைக் களிம்பு ஏறும். காதுக் குச்சியை ஐபிஏவில் நனைத்து, பின் நீள்கிற திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம். குச்சி கறுப்பாக வரும்போதெல்லாம் புதுக் குச்சிக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். வெள்ளையாக வந்ததும் ஐந்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். களிம்பு கெட்டியாக இருந்தால் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெதுவாக அழித்துவிட்டு மறுபடி ஐபிஏ. உப்புத்தாள், கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம். முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்திலேயே அது மறுபடி பச்சையாகும். வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் சேரும், வேறு ஒரு பயனும் இல்லை.

*தலைப்பு வருகிறது, எழுத்துகள்தான் தப்பு*

இது நல்ல அறிகுறி, ஏனென்றால் எந்தப் பின் என்று இதிலிருந்தே பிடித்துவிடலாம். போகிமான் கேசட் ஒன்றில் தலைப்பின் ஏழு எழுத்துகள் பி-ஓ-கே-இ-எம்-ஓ-என் என்று வர வேண்டும். ஒருமுறை எனக்கு பி-என்-ஜே-டி-எல்-என்-என் என்று வந்தது. ஓ என்-ஆகவும், கே ஜே-ஆகவும், இ டி-ஆகவும், எம் எல்-ஆகவும் மாறியிருக்கின்றன. எல்லாம் ஒரு எழுத்து பின்னால் போயிருக்கிறது. பி-யும் என்-னும் மட்டும் அப்படியே நிற்கின்றன. அப்படியென்றால் கடைசி பிட் எப்போதும் 0 ஆகவே வாசிக்கப்படுகிறது, அதாவது முதல் டேட்டா பின் ஒட்டவில்லை. கேம் பாய் கேசட்டில் 32 பின்கள். எண்ணிக்கை எந்த ஓரத்திலிருந்து தொடங்குகிறது என்று பின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 22 முதல் 29 வரை டேட்டா. 22ஐ மட்டும் தனியாகத் தேய்த்தேன், தலைப்பு சரியாகிவிட்டது.

*எப்போது ஆளிடம் கொடுப்பது*

மூன்று முறை சுத்தம் செய்தும் மாறவில்லை, சாட்சி கேசட் அதே ரீடரில் ஒழுங்காக வருகிறது என்றால் கேசட்டைத் திறங்கள். மல்டிமீட்டரைப் பீப் சத்தம் போடும் நிலையில் வைத்து, பின்னிலிருந்து அது போய்ச் சேரும் சிப் காலுக்குத் தொட்டுப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் தடம் அறுந்திருக்கிறது, அல்லது சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. பற்றவைக்கப் பழக்கம் இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மைக்ராஸ்கோப் வைத்திருக்கும் செல்போன் சர்வீஸ் கடை எதுவானாலும் இதைப் பத்து நிமிடத்தில் செய்வார்கள். ஆனால் எந்தக் கால் என்று நீங்கள் காட்ட வேண்டும். "அண்ணே, ஐசியை எடுக்க வேண்டாம். இந்த ஒரு காலுக்கு மட்டும் ஃப்ளக்ஸ் போட்டு டச் பண்ணிக் கொடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் பழக்கதோஷத்தில் ஹாட் ஏர் பிடித்து ஐசியையே கழற்றிப் பார்ப்பார்கள்.

அறிகுறி 2: ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஹாஷ் வருகிறது

ஹாஷ் என்பது கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரி ஒரு எண், ஒரு பைட் மாறினாலும் அது மாறிவிடும். ஹாஷ் எடுக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. 7-ஸிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தால் சிஆர்சி ஷா என்று ஒரு மெனு இருக்கும். அதில் சிஆர்சி32ம் ஷா-1ம் கிடைக்கும்.

இரண்டு டம்ப்பையும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பைப் பைட் பைட்டாகக் காட்டும் மென்பொருள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். வேறுபாடு கோப்பு முழுக்க அங்கங்கே சிதறியிருந்தால் பின் அழுக்கு, அல்லது மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தால் எடுத்து நேராகக் கணினியில் செருகுங்கள். ஒரு இடம் வரை சரியாக இருந்து, அதற்குமேல் எல்லாமே குப்பை என்றால் நடுவில் கேசட் அசைந்திருக்கிறது. ரீடர் மேசையில் ஆடாமல் இருக்கிறதா பாருங்கள். கேசட் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கவும் கூடாது. வேறுபடுகிற பைட்டுகளில் எல்லாம் ஒரே பிட் மட்டும் மாறுகிறது என்றால் ஒரு டேட்டா பின் விட்டுவிட்டு ஒட்டுகிறது, மேலே சொன்ன முறையில் அந்தப் பின்னைத் தேடுங்கள்.

சாட்சி கேசட்டும் இதே மாதிரி ஆடினால் குற்றம் ரீடரின் ஸ்லாட்டில். பலருடைய அழுக்குக் கேசட்டுகளைச் செருகிச் செருகி ஸ்லாட்டின் உள்ளே களிம்பு சேர்ந்துவிடும். சுத்தமான ஒரு கேசட்டின் பின்களில் ஐபிஏவை லேசாகத் தடவி, ரீடர் மின்சாரத்தில் இல்லாதபோது நான்கைந்து முறை செருகி எடுங்கள்.

ஐந்து டம்ப் எடுத்து, ஒவ்வொரு பைட்டிலும் எது அதிகம் வந்ததோ அதை வைத்து ஒரு கோப்பு தயாரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஐந்தில் மூன்று முறை தப்பாக வரும் பின்னும் உண்டு. தொடர்பு சரியானால் டம்ப் தானாகச் சரியாகும், அதுவரை துடைப்பதுதான் வேலை.

அறிகுறி 3: ஹாஷ் மாறாமல் வருகிறது, ஆனால் பட்டியலில் இல்லை

என்னிடம் வருகிறவர்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிற இடம் இது. பட்டியல் என்று நான் சொல்வது, சரியான டம்ப்புகளின் விவரங்களைத் திரட்டி வைக்கும் நோ-இன்ட்ரோ தொகுப்பின் டேட் கோப்புகளை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பெயர், அளவு, சிஆர்சி32, ஷா-1 எல்லாம் அதில் இருக்கும். ஹாஷ் அங்கே இல்லை என்றால் உடனே கேசட் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இதே வரிசையில் பாருங்கள், முதல் நான்கும் செலவில்லாத வேலை.

*கோப்பின் அளவு உருண்டையாக இல்லை*

பைட் கணக்கில் பாருங்கள். ஒரு மெகாபைட் என்றால் 10,48,576. பதினாறு என்றால் 1,67,77,216. கேம் பாய், அட்வான்ஸ் டம்ப்புகள் இப்படி இரண்டின் அடுக்கான எண்ணில்தான் நிற்க வேண்டும். நெஸ் (நின்டெண்டோவின் பழைய டிவி கேம் கருவி) கோப்பில் 16 பைட் அதிகமாக இருந்தால் அது எமுலேட்டருக்காக (கேசட் விளையாட்டைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) முன்னால் ஒட்டிய தலைப்பு, கேசட்டில் இருந்தது இல்லை. அதை நீக்கிவிட்டு ஹாஷ் எடுங்கள். சூப்பர் நின்டெண்டோ கோப்பை 1024ஆல் வகுத்து மீதி 512 வந்தால் அது பழைய நகலெடுக்கும் கருவிகள் சேர்த்த தலைப்பு. அதையும் நீக்க வேண்டும்.

*அளவு தேவைக்கு மேல் இருக்கிறது*

அட்வான்ஸ் கேசட்டின் தலைப்பில் ரோம் எவ்வளவு பெரியது என்ற தகவலே கிடையாது. ரீடர் ஊகித்துத்தான் எடுக்கிறது. அதனால் 8 மெகாபைட் விளையாட்டு 16 அல்லது 32 மெகாபைட்டாக வரலாம். கோப்பின் பின்பாதியைத் திறந்து பாருங்கள். 00 00 01 00 02 00 03 00 என்று எண்ணிக்கொண்டே போனால் அங்கே ரோம் இல்லை, வெறும் முகவரிதான் திரும்பி வருகிறது. முன்பாதியும் பின்பாதியும் அச்சாக ஒன்றாக இருந்தாலும் இதே கதைதான். சரியான அளவைக் கைப்படத் தேர்ந்தெடுத்து மறுபடி எடுங்கள். கோப்பை நடுவில் வெட்டிக்கொள்வதும் வேலை செய்யும், ஆனால் மறுபடி எடுப்பதே நல்லது. இரண்டாவது வாசிப்பு எப்படியும் தேவை.

*16 கிலோபைட் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது*

கேம் பாய் கேசட்டில் தலைப்பு சரி, அளவு சரி, ஆனால் உள்ளே ஒரே 16 கிலோபைட் துண்டு கோப்பு முழுக்கப் படியெடுத்த மாதிரி இருக்கும். அடுத்த துண்டுக்கு, அதாவது அடுத்த பேங்குக்கு, மாற்றச் சொல்லி ரீடர் அனுப்பும் கட்டளை கேசட்டுக்குள் போகவில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டளை போகிற வழி 3ஆம் பின். அதைத் துடையுங்கள். எனக்கு இது நான்கு முறை வந்திருக்கிறது, நான்கு முறையும் 3ஆம் பின்தான்.

இங்கே கேம் பாய் பக்கம் ஒரு வசதி உண்டு. ரோம் முழுவதுக்குமான கூட்டுத்தொகை தலைப்பிலேயே எழுதியிருக்கும். கேம் பாய் கருவி அதைப் பார்ப்பதில்லை, ரீடர் மென்பொருள் பார்த்துச் சொல்லும். அட்வான்ஸில் அந்தத் தொகை இல்லை, தலைப்புக்கு மட்டும்தான் சோதனை உண்டு. தலைப்பு சரி என்று பச்சை வந்ததும் திருப்தியடைந்துவிட வேண்டாம் என்று அட்வான்ஸ்காரர்களுக்கு மட்டும் நான் இரண்டு முறை சொல்வது இதனால்தான். அவர்களுக்குப் பட்டியலில் இருக்கும் ஹாஷ் மட்டுமே சாட்சி.

*நின்டெண்டோ 64: பைட் வரிசை*

முதல் நான்கு பைட்டைப் பாருங்கள். 80 37 12 40 என்றால் கேசட்டில் உள்ள வரிசை. 37 80 40 12 என்றால் இரண்டிரண்டாகப் புரண்டிருக்கிறது. 40 12 37 80 என்றால் நான்கு நான்காக. டம்ப்பில் பிழை எதுவும் இல்லை, வரிசையைத் திருப்பிவிட்டு ஹாஷ் எடுத்தால் போதும்.

*டம்ப் சரி, நீங்கள் தேடிய பெயர்தான் தப்பு*

இது புதுச்சேரிக்கே உரிய சிக்கல் என்று சொல்வேன். இங்கே பல குடும்பங்களில் ஒருவராவது பிரான்சில் இருக்கிறார். லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த கேசட் பிரெஞ்சுப் பதிப்பு. அதை டம்ப் எடுத்துவிட்டு அமெரிக்கப் பதிப்பின் ஹாஷோடு ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி இரண்டு மாதமாக ஒரு கேசட்டைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணா, பத்துத் தடவை எடுத்துட்டேன். ஒரே ஹாஷ்தான் வருது, ஆனா தப்பாவே வருது" என்றான். ஹாஷை மட்டும் பட்டியலில் தேடினோம். பிரெஞ்சுப் பதிப்பின் கீழே அப்படியே இருந்தது. முதல் நாளே அவன் எடுத்தது சுத்தமான டம்ப்.

அட்வான்ஸ் கேசட்டில் லேபிளிலேயே நான்கெழுத்துக் குறி இருக்கும், கோப்பின் தலைப்பிலும் இருக்கும். நான்காவது எழுத்து இ (E) என்றால் அமெரிக்கா, ஜே (J) ஜப்பான், பி (P) ஐரோப்பா, எஃப் (F) பிரான்ஸ், டி (D) ஜெர்மனி. போகிமான் ஃபயர்ரெட் அமெரிக்கப் பதிப்பு பி-பி-ஆர்-இ (BPRE), பிரெஞ்சு பி-பி-ஆர்-எஃப் (BPRF). அதற்கு மேல் பதிப்பு எண்ணும் உண்டு. ஒரே நாடு, ஒரே லேபிள், ஆனால் பிந்தைய அச்சில் பிழை திருத்தியிருப்பார்கள். பட்டியலில் அது ரெவ் 1 என்று தனி வரியாக இருக்கும். அதனால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், ஹாஷை வைத்துத் தேடுங்கள்.

*கேசட்டே போலி*

மேலே உள்ள எதுவும் இல்லை, கேசட்டும் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது என்றால் இதை யோசிக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் அட்வான்ஸ் போகிமான் கேசட்டுகளில் போலிகள் நிறைய. போலி தயாரிப்பவர்கள் மலிவான சிப்பில் சேவ் (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) வேலை செய்வதற்காக ரோமிலேயே கை வைத்திருப்பார்கள், அதனால் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் வராது. திறந்து பாருங்கள். சிப்புக்குப் பதிலாகக் கறுப்புத் தார் பொட்டு இருந்தாலோ, போர்டில் நின்டெண்டோ என்ற அச்சு இல்லாவிட்டாலோ சந்தேகம் வலுக்கும். அசல் அட்வான்ஸ் லேபிளில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் மை இல்லாமல் அழுத்திய சிறு எண் ஒன்று தெரியும். போலி என்று தெரிந்துவிட்டால் அந்த டம்ப்பை வைத்து மாற்றியமைக்கும் வேலை எதையும் தொடங்காதீர்கள். விளையாட ஓடும். அடித்தளமாக ஆகாது. எந்தச் சர்வீஸ்காரராலும் இதைச் சரிசெய்ய முடியாது, பணம் செலவழிக்க வேண்டாம்.

அறிகுறி 4: எமுலேட்டரில் ஓடுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது

எம்ஜிபிஏ எமுலேட்டரில் தலைப்புத் திரை வந்துவிட்டது, பாட்டும் கேட்கிறது, அப்புறம் ஹாஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்காக இது. 16 மெகாபைட்டில் ஒரே ஒரு பைட் தப்பாக இருந்தாலும் தலைப்புத் திரை வரும். அந்தப் பைட் எட்டாவது ஊரின் வரைபடத்தில் இருக்கலாம், கடைசி எதிரியின் வசனத்தில் இருக்கலாம். அங்கே போய்ச் சேரும்வரை எதுவும் தெரியாது. என் குகைக் கதை இதுதான். பாதியில் நிற்கும் விளையாட்டுக்கு எமுலேட்டரை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் ஹாஷைப் பாருங்கள். பட்டியலோடு பொருந்தினால் பிறகு எமுலேட்டரைச் சந்தேகிக்கலாம். பொருந்தாவிட்டால் அறிகுறி 3.

அறிகுறி 5: ஹாஷ் பொருந்துகிறது, பேட்ச் ஏறவில்லை

*பேட்ச் கருவி மறுக்கிறது*

பேட்ச் என்பது மூல ரோமில் எதை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் வைத்திருக்கும் சிறு கோப்பு. பிபிஎஸ், யுபிஎஸ் வகைப் பேட்ச்களுக்குள் மூல ரோமின் சிஆர்சி32 எழுதப்பட்டிருக்கும். பொருந்தாவிட்டால் கருவி நிறுத்திவிடும். அது உங்களைக் காப்பாற்றுகிறது, கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். பேட்சோடு வரும் குறிப்பில் எந்த நாட்டுப் பதிப்பு, எந்த ரெவ் என்று இருக்கும். ஃபயர்ரெட்டை அடிப்படையாக வைத்த ரசிகர் படைப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்க 1.0 பதிப்பைத்தான் கேட்கும். 1.1 கேசட்டிலிருந்து எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் அது ஆகாது. 2006இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்த மதர் 3க்கு 2008இல் ரசிகர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியிட்டார்கள். அதற்கு வேண்டியது ஜப்பானியக் கேசட்டின் ரோம்.

*பேட்ச் ஏறிவிட்டது, வெள்ளைத் திரை வருகிறது*

ஐபிஎஸ் வகையாக இருக்கும். அதற்குள் எந்தச் சோதனையும் இல்லை. எந்தக் கோப்பின் மேலும் ஏறிவிடும், தப்பான இடத்தில் எழுதிவிட்டு முடிந்தது என்று சொல்லும். முதலில் தலைப்பு ஒட்டிய சூப்பர் நின்டெண்டோ கோப்பா என்று பாருங்கள். 512 பைட் தள்ளிப் போனால் பேட்ச் முழுவதும் தள்ளிப் போகும். சில பழைய பேட்ச்கள் அந்தத் தலைப்போடு இருக்கும் கோப்பைத்தான் எதிர்பார்க்கும், அதற்கு மட்டும் தலைப்பைச் சேர்த்துவிட்டு ஏற்ற வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே ஒரு பேட்ச் ஏறிய கோப்பின் மேல் இன்னொன்றை ஏற்றியிருப்பீர்கள். ஹாஷ் பொருந்திய அன்றே அந்தக் கோப்பை எழுத முடியாததாக்கித் தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள், பேட்ச் வேலை எப்போதும் பிரதியில் மட்டும்.

உங்கள் கேசட்டுக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தருகிறது. அந்தப் பிரதியை நான்கு பேருக்கு அனுப்ப இடம் தரவில்லை. தமிழில் மொழிபெயர்த்த பேட்சைப் பகிரும்போது பேட்சை மட்டும் பகிருங்கள், கூடவே மூல ரோமின் ஷா-1ஐ எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

அறிகுறி 6: சேவ் காணவில்லை, அல்லது எமுலேட்டர் ஏற்க மறுக்கிறது

கேசட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, ரோமுக்கும் முன்னாலேயே சேவ் கோப்பை எடுத்துவிடுங்கள். ரோம் இன்னும் பல வருடம் இருக்கும். போகிமான் கோல்டு, சில்வர் மாதிரிக் கேசட்டுகளில் சேவ் நிற்பது ஒரு பட்டன் பேட்டரியின் தயவில். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய பேட்டரி என்று போகும் என்று சொல்ல முடியாது.

சேவ் கோப்பு முழுவதும் 00 அல்லது எஃப்எஃப் என்றால் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். புதிதில் 3 வோல்ட். இரண்டரைக்குக் கீழே இருந்தால் மாற்ற வேண்டியதுதான், உள்ளே இருந்த விளையாட்டு பெரும்பாலும் போய்விட்டது. போகிமான் ரூபி, சபையர், எமரால்டு கேசட்டுகளில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும், சேவ் பேட்டரி தேவைப்படாத ஃப்ளாஷ் சிப்பில் இருக்கிறது. அவற்றில் பேட்டரி செத்தாலும் பயப்பட வேண்டாம்.

சேவ் இருக்கிறது, எமுலேட்டர் ஏற்கவில்லை என்றால் அளவைப் பாருங்கள். கடிகாரம் உள்ள கேம் பாய் விளையாட்டில் 32,768 பைட்டுக்குப் பின்னால் கடிகாரத் தகவலாக 44 அல்லது 48 பைட் சேர்ந்திருக்கலாம். அட்வான்ஸில் 64 கிலோபைட், 128 கிலோபைட் என்று தப்பாகத் தேர்ந்தெடுத்து எடுத்திருக்கலாம்.

பேட்டரி மாற்றும்போது பழையதன் மேல் என்ன எண் அச்சாகியிருக்கிறதோ அதையே, தகடு வைத்ததாக வாங்குங்கள். பட்டன் பேட்டரியின் மேல் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது, வெடிக்கலாம். தகடு வைத்த பேட்டரி கிடைக்கவில்லை என்றால் இதையும் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி 7: டிவி கேம் கேசட், ரீடரில் செருகவே முடியவில்லை

தொண்ணூறுகளில் நம் ஊரில் எல்லோரும் விளையாடியது 60 பின் கேசட்டுகள். நெஸ் ஸ்லாட் 72 பின். இடையில் ஒரு அடாப்டர் போட்டால் செருகலாம். ஆனால் 9999 விளையாட்டு என்று அட்டையில் போட்ட கேசட்டுகளின் பேங்க் மாற்றும் முறை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. மாதம் கணக்கில் உட்காரத் தயாராக இருந்தால் மட்டும் இறங்குங்கள். எனக்கு இதில் இன்னும் பாதி கேசட்டுகள் மிச்சம் இருக்கின்றன.

அறிகுறி 8: வெள்ளத்தில் நனைந்த கேசட்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த சில நாளில் தென்பெண்ணை தண்ணீர் ஊருக்குள் வந்தபோது எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் கேசட் பெட்டி நீரில் கிடந்தது. காய்ந்ததும் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒரு வீட்டில் உடனே கேம் பாயில் போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கேசட் திரும்ப வரவில்லை. இன்னொரு வீட்டில் தொடாமல் அப்படியே பையில் கட்டி என்னிடம் கொடுத்தார்கள், பதினொன்றில் ஒன்பது தேறின.

மின்சாரம் காட்டாதீர்கள். திறந்து, பேட்டரி இருந்தால் முதலில் எடுங்கள். ஈரத்தில் பேட்டரி இருந்தால் தடங்களையே அரித்துவிடும், அதனால் இந்த ஒரு சமயத்தில் மட்டும் சேவ் கோப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். சேற்றைப் பேட்டரி வாட்டரில் கழுவுங்கள். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். பைப்புத் தண்ணீர் வேண்டாம், கடலூர்த் தண்ணீரில் உப்பு அதிகம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சிப் கால்களுக்கு நடுவில் மெதுவாகத் தேயுங்கள். அதன்பின் ஐபிஏவில் ஒரு குளியல். வெயிலில் வைக்காமல் ஃபேன் அடியில் இரண்டு நாள். லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டைத் தனியாகக் காயவையுங்கள்.

காய்ந்த பிறகு சிப்பின் கால்கள் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே நீங்கள் சுரண்டாதீர்கள், கால் ஒடிந்தால் கேசட் போனது. அதைச் சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். கால்கள் சுத்தமாக இருந்தால் செருகி முதல் டம்ப் எடுங்கள். கழற்றித் துடைத்து இரண்டாவது எடுங்கள். நனைந்த கேசட்டுக்கு மட்டும் ஒரு வாரம் கழித்து மூன்றாவது ஒன்றும் எடுங்கள். உள்ளே தங்கிய உப்பு அதற்குள் வேலையைக் காட்டியிருந்தால் அந்த ஹாஷில் தெரிந்துவிடும்.